சொந்தத் தோட்டத்தில் பன்றிக்குக் கண்ணி வைக்கலாமா?

'கேரளாவில் காட்டுப்பன்றியைத் தீங்கு விலங்காக (வெர்மின், அதாவது சட்டப் பாதுகாப்பு நீக்கப்பட்ட விலங்காக) அறிவித்தாகிவிட்டது, சொந்த நிலத்தில் யாரும் கண்ணி வைக்கலாம், கம்பியில் கரண்ட் விடலாம்' என்று பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறு.

2022-இல் கேரள அரசு செய்தது வேறு. பயிரை அழிக்கும் பன்றியைக் கொல்ல உத்தரவிடும் அதிகாரத்தை ஊராட்சித் தலைவர்களுக்கும் நகராட்சித் தலைவர்களுக்கும் கொடுத்தது. துப்பாக்கி உரிமம் உள்ளவர் அந்த உத்தரவின்படி சுடலாம். விஷம், வெடி, மின்சாரம் மூன்றும் கூடாது என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். தீங்கு விலங்கு என்று அறிவிப்பது மத்திய அரசின் அதிகாரம். கேரளா பலமுறை கேட்டும் டெல்லி தரவில்லை.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கண்ணி வைப்பதும் வேட்டைதான். ஒன்றும் சிக்காவிட்டாலும் முயற்சியே குற்றம். பட்டா நிலம் என்பதால் விலக்கு எதுவும் இல்லை. அப்புறம், சுருக்குக் கம்பிக்குப் பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியாது. சிறுத்தை மாட்டினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அவுட்டுக்காயும் (தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டு வெடி) அப்படித்தான்: 2020-இல் இதே பாலக்காடு மாவட்டத்தில் மண்ணார்க்காடு பக்கம் கர்ப்பிணி யானை வாய் சிதைந்து செத்தது ஊருக்கே தெரியும்.

பன்றித் தொல்லை பொய்யில்லை. கிழங்கு போட்டவரைக் கேட்டால் தெரியும். ஊராட்சியில் எழுதிக் கொடுங்கள். சரி, உத்தரவோடு சுட்ட பன்றியைக் கறி போடலாமா? கூடாது. அது அரசின் சொத்து.