கமலாபுரத்துல பிளைட் நின்னதுக்கு நம்ம ஊர் மேலயா பழி?

"சேலத்துக்கெல்லாம் பிளைட் செட் ஆகாதுங்க, ஏற ஆள் கிடையாது"ன்னு யாராச்சும் சொன்னா எனக்கு சுர்ருனு ஏறும். நம்ம சேலம் ஏர்போர்ட் இருக்கற கமலாபுரத்துக்கு என்.இ.பி.சி வந்துச்சு, கிங்ஃபிஷர் வந்துச்சு, ட்ரூஜெட் வந்துச்சு, இப்ப மூணு கம்பெனியுமே இல்ல. மூணையும் சேலமா கவுத்துச்சு?

முதல்ல 1993-ல வந்த என்.இ.பி.சி-யவே எடுத்துக்கங்க. மெட்ராஸ் கம்பெனி, அசல் தொழில் காத்துல கரன்ட் எடுக்கற காத்தாடி போடுறது, முப்பந்தல் பக்கம் போனா நிக்குதே அந்தக் காத்தாடிதான். அப்பல்லாம் காத்தாடி வாங்கினா மொத்த விலையையும் முதல் வருஷமே தேய்மானம்னு வரிக் கணக்குல லாபத்துல இருந்து கழிச்சுக்கலாம், அதனால மில்லு முதலாளிங்க கரன்ட்டுக்கு வாங்கினாங்களோ இல்லையோ வரிக்காக வாங்கினாங்க. அந்தப் பணம் புரண்டப்ப ஆரம்பிச்சதுதான் ஏர்லைன்ஸ்.

ஓட்டினது ஃபோக்கர் எஃப்-27. 1987-லயே தயாரிக்கிறத நிறுத்திட்ட மாடல், அதனால எல்லாமே செகண்ட் ஹேண்டுதான். ஆனா அழகான பிளைட்டுங்க அது. றெக்கை உடம்புக்கு மேல இருக்கும், முட்டை வடிவத்துல பெரிய பெரிய ஜன்னல், எந்த சீட்ல உக்காந்தாலும் றெக்கை மறைக்காம கீழ ஊரு தெரியும். என்ன, இன்ஜின் போடுற விசில் சத்தம் காதக் கிழிச்சுரும்.

சேலத்துல இருந்து சென்னைக்கு சில மாசம்தான் ஓடுச்சு. ஆள் ஏறலங்கறது நெசம், இல்லன்னு சொல்லல. ஏன் ஏறலன்னு யாராச்சும் கேட்டாங்களா? செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடைக்காரர் ராத்திரி கடைய சாத்திட்டு சாப்பிட்டு ஏற்காடு எக்ஸ்பிரஸ்ல ஏறிப் படுத்தா விடியறதுக்குள்ள சென்ட்ரல், வேலைய முடிச்சுட்டு மறுபடி அதே வண்டில ராத்திரி ஏறினா காலைல கடை திறந்துரலாம், லாட்ஜ் செலவு கூட கிடையாது. அவர ஓமலூர் தாண்டி கமலாபுரம் வரைக்கும் இழுக்கணும்னா காலைல முதல் வேலையா கொண்டுபோய் இறக்கி சாயந்திரம் திரும்பக் கூட்டிட்டு வரணும், அதுதான் கணக்கு.

சரி சேலத்த விட்டுட்டுப் போன கம்பெனி மத்த ஊர்ல கொடி கட்டிப் பறந்துச்சான்னா அதுவும் இல்ல. 1995-ல பம்பாய் டமானியா ஏர்வேஸ வாங்கி ஸ்கைலைன் என்.இ.பி.சி-ன்னு பேர மாத்தினாங்க, அகலக்கால்னா அதான். 1996 பட்ஜெட்ல மேட் வரி வந்துச்சு, தேய்மானத்த கழிச்சாலும் லாபம் காட்டுற கம்பெனி ஒரு அளவுக்காச்சும் வரி கட்டியே ஆகணும்னு ஆனதும் காத்தாடி வியாபாரம் படுத்துருச்சு. இங்க பாக்கி அங்க பாக்கின்னு இழுத்துக்கிட்டே போய் 1997-ல மொத்தமா மூடிட்டாங்க.

கிங்ஃபிஷர் கதை ஊருக்கே தெரியும். 2009-ல வந்து 2011-ல நம்மள கழட்டி விட்டுட்டு 2012-ல அதுவே விழுந்துருச்சு.

ட்ரூஜெட் மட்டும்தான் எனக்கு நெஜமாவே வருத்தம். சின்ன ஊர்களுக்கும் குறைஞ்ச கட்டணத்துல பிளைட் விடுற மத்திய அரசோட உடான் திட்டத்துல 2018 மார்ச்ல வந்தது, அப்ப முதல்வரா இருந்த எடப்பாடியாரே தொடங்கி வெச்சாரு, சொந்த மாவட்டமாச்சே. ஒரு மணி நேரப் பயணத்துக்கு பாதி சீட்டு 2,500 ரூபாய்க்கு மேல விக்கக் கூடாது, அதுல வர்ற நஷ்டத்த அரசாங்கம் 3 வருஷத்துக்குக் குடுக்கும்னு ஏற்பாடு. அந்த 3 வருஷம் முடியற நேரம் பாத்து கொரோனா. 2022-ல கம்பெனியும் நின்னு போச்சு. இதுல சேலம் பண்ண தப்பு என்னங்க?

2023 அக்டோபர்ல இருந்து மறுபடி ஓடுது, சென்னைக்கு மட்டுமில்லாம ஹைதராபாத்துக்கும் பெங்களூருக்கும் கூட. இது எனக்கு நம்பிக்கையா இருக்கு, ஏன்னா ஹைதராபாத்துக்கு ராத்திரில தூங்கி எழுந்தா போய்ச் சேர்ற மாதிரி ரயில் நமக்கு இல்ல. ராத்திரி ரயில் இருக்கற சென்னைக்குத்தான் டைமிங் முக்கியம், அத மட்டும் பாருங்க, "லோடு இல்ல, ஆள் ஏறல"ன்னு எவனாச்சும் சொன்னா எத்தன மணி பிளைட்டுக்கு லோடு இல்லன்னு திருப்பிக் கேளுங்க.

அப்புறம், 93-ல அந்த ஃபோக்கர்ல போன பெரியவங்க வீட்ல யாராச்சும் இருந்தா, டிக்கெட் இருந்தா போட்டோ எடுத்துப் போடுங்க. அன்னிக்கு கமலாபுரத்துல எத்தன மணிக்குக் கிளம்புச்சுன்னு பாக்கணும்.