புத்தகத்தை மூடிவிட்டுப் படிக்கலாமே

'ஒரே பாடத்தைப் பத்து முறை வாசித்தால் சிந்தனை தானே கூர்மையாகும்' என்று ஒரு கட்டுரையில் படித்தேன். எனக்கு இதில் உடன்பாடில்லை. பத்தாவது முறை வாசிக்கும்போது கண்தான் ஓடும், மூளை தூங்கிவிடும்.

ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை நான்கு சுற்றும் வாசித்த மாணவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 40 சதவீதம்தான் நினைவில் இருந்தது. ஒரே சுற்று வாசித்து, மூன்று சுற்று பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். வேடிக்கை என்னவென்றால், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்ப வாசித்தவர்களே முந்தினார்கள். நாளைக்குத் தேர்வு என்று விடிய விடிய உருப்போடுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

என் மகன் கடற்காற்று, நிலக்காற்று இரண்டுக்கும் வரையறையை மூச்சு விடாமல் ஒப்பிப்பான். சரி, மெரினாவில் மாலை நாலு மணிக்குக் காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்று கேட்டேன். முழித்தான். அப்புறம் வெறும் தாளில் கடலையும் கரையையும் வரைந்து, எது சீக்கிரம் சூடாகும், சூடான காற்று எங்கே போகும் என்று அவனே அம்புக்குறி போட்டான். இருபது நிமிடம் ஆனது. கிழக்கு என்று சொன்னவன், "அப்போ ராத்திரி திரும்பிடுமா?" என்று என்னையே கேட்டான்.