பஸ்ஸுக்கு எவ்வளவு கொடுப்பீங்க? அதை எப்போ கேக்குறீங்க?

“பொம்பளைங்க டவுன் பஸ் இலவசத்துக்குப் பழகிட்டாங்க, இனி கிராமத்துல ஒருத்தரும் பஸ்ஸுக்குக் காசு கொடுக்க மாட்டாங்க.” மதுரையில் உட்கார்ந்து இப்படிப் பேசுகிறவர்களை விடியற்காலை செக்கானூரணிப் பக்கம் கூட்டிப்போக வேண்டும்.

மல்லிகை மொட்டு விரியுமுன் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போனால்தான் விலை. முகூர்த்த நாளில் கிலோ ஆயிரத்தைத் தாண்டும், வெயில் ஏற ஏற இறங்கும். பஸ்ஸைக் காணோம் என்றால் ஈரச்சாக்கோடு நிற்கும் அக்கா, ஆட்டோக்காரர் கேட்டதைக் கொடுத்துவிட்டு ஏறிவிடுவார். திரும்பும்போது அவரே, வெறும் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பெரியார் பஸ் ஸ்டாண்டில் இலவச டவுன் பஸ் வரட்டும் என்று எத்தனை நேரமானாலும் உட்கார்ந்திருப்பார். அவசரம் இல்லையே, எதற்குக் காசு?

2021 மே மாதம் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றானதும் அந்தக் காசு முந்தானையிலேயே முடிந்து கிடக்கவில்லை. இப்படி அவசரத்துக்குத்தான் அவிழ்கிறது.

ஆம்பளைகள் கதை வேறு. 2018 ஜனவரியில் கட்டணம் ஏறியபோது மாணவர்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள், அரசும் கொஞ்சம் குறைத்தது. ஆனால் பஸ்ஸை நம்பி நிற்க முடியாது என்று எங்கள் பக்கம் இளவட்டங்கள் ஒவ்வொருவராய் டூவீலருக்கு மாறிவிட்டார்கள். டியூ, பெட்ரோல், டயர் எல்லாம் சேர்த்தால் பஸ் காசு ஒன்றுமேயில்லை. ஒரு ரூபாய் சில்லறைக்குக் கண்டக்டரிடம் மல்லுக்கட்டிய மாமாவெல்லாம் இப்போது வாய் திறக்காமல் டியூ கட்டுகிறார். வண்டி வாங்கியவரைக் கட்டணத்தைக் குறைத்துத் திரும்பக் கூப்பிட முடியாது.

அதனால் கலெக்‌ஷனைப் பார்த்து டிரிப்பை முடிவு செய்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆடியில் கணக்கெடுக்காதீர்கள். கல்யாணம் கிடையாது, அம்மன் கோயில் வெள்ளிக்கிழமையை விட்டால் பூவுக்கும் பெரிய கிராக்கி இல்லை, பஸ் காலியாகத்தான் ஓடும். அதை வைத்து டிரிப்பை வெட்டினால், ஆவணி முகூர்த்தத்துக்கு மூட்டையோடு நிற்கிறவர்கள் எதில் ஏறுவது? ரெண்டு சீசன் பார்த்தபின் அவர்களும் வண்டி வாங்கிவிடுவார்கள்.

2025 ஜூனில் புது மினி பஸ் திட்டம் வந்தது. தனியார் வண்டி, பெண்களும் டிக்கெட் எடுக்க வேண்டும். ஏற மாட்டார்கள் என்று அடித்துச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மார்க்கெட் நேரத்துக்கு ஒரு டிரிப், ராத்திரி கடைசி டிரிப், இது ரெண்டையும் தவறாமல் ஓட்டட்டும். நேரத்தை டீக்கடைப் பக்கம் ஒரு போர்டில் எழுதி வைக்கட்டும். அதற்கு ரெண்டு ரூபாய் கூடக் கேட்டாலும் எங்க ஊர்ப் பொம்பளைங்க கொடுப்பாங்க.