நாளைக்குப் போகிறவர்களுக்கு எதற்குச் செடி?

இரண்டு நாளாக அந்த ஸ்கிரீன்ஷாட்டை ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். ஆமாம், ஞாயிற்றுக்கிழமை விதைப் பரிமாற்றத்துக்கு இலங்கை அகதி முகாமில் இருக்கும் அந்த அக்காவைக் கூட்டிப்போனது நான்தான். "நாளைக்கே ஊருக்குப் போறவங்களுக்கு எதுக்குத் தோட்டம், நம்ம ஆளுங்களுக்கே விதை பத்தல" என்று குழுவில் எழுதியவருக்கு அங்கேயே பதில் போட்டிருக்க வேண்டும். கை நடுங்கியது, போடவில்லை. இங்கே போடுகிறேன்.

நாளைக்கு என்றால் எந்த நாளைக்கு? 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து படகேறி வர ஆரம்பித்தவர்கள் அவர்கள். அந்த அக்கா 1990இல் பத்து வயதுப் பிள்ளையாக வந்து இறங்கியவர். இன்று அவர் மகள் கல்லூரிக்குப் போகிறாள். முருங்கைக் குச்சியை ஊன்றினால் ஒரு வருடத்தில் காய் பறிக்கலாம். தென்னங்கன்று வைத்திருந்தால் இத்தனை வருடத்தில் எத்தனை குலை இளநீர் வெட்டியிருக்கலாம்! "நாளைக்குப் போகணுமே" என்று வைக்காமலே இருந்துவிட்டார்கள் அவருடைய அப்பா அம்மா. கடைசிவரை போகவில்லை. இரண்டு பேரும் இங்கேதான் இறந்தார்கள்.

அவர் வீட்டைப் பார்க்காமல் பேசுகிறீர்கள். புழல் பக்கம் முகாமில் பத்துக்குப் பத்து அறை. வாசற்படிக்கும் சந்துக்கும் நடுவே ஒன்றரை முழம் இடம். அதில் நான்கு சிமெண்ட் சாக்கு, அரிசி களைந்த தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர். ஒரு சாக்கிலிருந்து புடலை ஏறி ஷீட் கூரையில் படர்ந்திருக்கிறது. பிஞ்சு சுருண்டுகொள்ளாமல் நீளமாக இறங்க நுனியில் கல் கட்டுவோமே, அவர் லாரி பட்டறையில் கிடந்த துருப்பிடித்த நட்டைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். காற்றடித்தால் அது தகரக் கதவில் இடித்து டிங் டிங் என்று சத்தம் கேட்கும். இதைத்தான் "தோட்டம்" என்று சொல்லி வயிறு எரிகிறீர்கள்.

உலகத்தில் எந்த முகாமில் இதெல்லாம் நடக்கிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஜோர்தானில் சாத்தாரி முகாம், 2012இல் சிரியா மக்களுக்காகத் திறந்தது. பாலைவனம். அங்கே தூக்கிப்போட்ட பழைய மெத்தைகளின் நுரையை வெட்டி, மண்ணே இல்லாமல் தக்காளியும் மிளகாயும் புதினாவும் வளர்த்தார்கள். ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வழி காட்டினார்கள், கைப்பக்குவம் அந்தச் சிரிய விவசாயிகளுடையது. வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில் ரோஹிங்கியா அகதிகளின் குடிசைகளின் தார்ப்பாய்க் கூரை மேல் சுரைக்கொடி படர்ந்திருக்கும். உகாண்டாவில் அகதிக் குடும்பத்துக்குப் பயிர் வைக்க அரசே துண்டு நிலம் ஒதுக்குகிறது. நாளைக்குப் போகிறவர்களுக்கு எதற்கு என்று அங்கே யாரும் கேட்டு நிறுத்திவிடவில்லை.

கொசு வரும் என்கிறார்கள். டெங்கு கொசு தேங்கிய தண்ணீரில்தான் முட்டையிடும். அந்த அக்கா சாக்குக்கு அடியில் தட்டே வைப்பதில்லை. வடசென்னை மண்ணில் விளைந்த கீரையைத் தின்னலாமா என்று கேட்டதில் நியாயம் இருக்கிறது. கொடுங்கையூர் குப்பைமேட்டையும் மணலி ஆலைகளையும் வைத்துக்கொண்டு அந்தப் பயம் இல்லாமல் இருக்க முடியாது. அதனால்தான் அவரும் நானும் வெளியிலிருந்து மண் வாங்கி, தேங்காய் நார்க்கழிவும் மாட்டெருவும் கலந்து சாக்கில் போடுகிறோம்.

"நம்ம ஆளுங்க" என்ற அந்த வார்த்தைதான் எனக்குப் பொறுக்கவில்லை. யார் நம்ம ஆள்? நான் வியாசர்பாடி பி.வி. காலனி. என் ஆயா ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தவர். 1962இல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, கடைகளை அரசு எடுத்துக்கொண்டு, 1964இல் 50, 100 கியாட் நோட்டெல்லாம் செல்லாது என்று சொன்ன பிறகு கையில் ஒன்றுமில்லாமல் கிளம்பிய கூட்டம் அது. கைலி மடிப்புக்குள் ஒரு பிடி புளிச்சக்கீரை விதை முடிந்து வைத்திருந்தார். அதை சின்பவுங் என்றுதான் சாகும்வரை சொன்னார். இங்கே குடிசை வாசலில் டால்டா டின்னில் போட்டார். அதில் முதல் இலை வந்த அன்றைக்குத்தான் இந்த ஊரில் இரவு தூங்கினேன் என்று எங்களிடம் சொல்லியிருக்கிறார். அந்த டின்னை யாராவது எட்டி உதைத்து "நீ நாளைக்குப் போறவதானே" என்று கேட்டிருந்தால்?

ஆயாவுக்கு இந்தியக் குடியுரிமை இருந்தது, இவர்களுக்கு அதுவும் இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் மூன்று நாட்டிலிருந்து வந்த சிறுபான்மை மதத்தவரைச் சேர்த்தார்கள், இலங்கையைச் சேர்க்கவில்லை. 2021இல் அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று தமிழ்நாடு அரசு மாற்றியது. நல்ல காரியம், நான் பாராட்டி எழுதியவன். மறுவாழ்வு என்று பலகையில் எழுதிவிட்டு ஒரு புடலங்கொடியைக் கூடப் பொறுக்கமாட்டோம் என்றால் எப்படி?

விதை கேட்டு வந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவும் பொய். அவர் அன்று கொடுக்க வந்தார். வெட்டிய தண்ணீர் பாட்டில்களில் வல்லாரை, கூடவே ரம்பைப் பக்கக்கன்றுகள். பிரியாணிக்குப் போடுவதற்கு மால் கடைகளில் காசு கொடுத்து வாங்குகிறீர்களே, அந்த இலைதான் ரம்பை. அவர்கள் ஊரில் கறிக்குத் தாளிக்கும்போது கறிவேப்பிலையோடு சேர்த்துப் போடுவது.

நேற்று இரவு அவரே போன் செய்தார். குழுவில் வந்ததை யாரோ காட்டிவிட்டார்கள். "இனி நான் அங்க வரமாட்டன் தம்பி, நீங்களும் ஆரோடயும் சண்டை பிடிக்க வேண்டாம். ரம்பை நாலு கன்று மிச்சம் கிடக்கு. ஆருக்கும் வேணுமெண்டா எடுக்கச் சொல்லுங்கோ, வாடப்போகுது" என்றார்.

காலையில் போய் எடுத்து வந்துவிட்டேன். என் மொட்டைமாடியில் தண்ணீர்த்தொட்டி நிழலில் இருக்கின்றன. வேண்டுமென்பவர்கள் உள்பெட்டியில் சொல்லிவிட்டு வெயில் தாழ வாருங்கள்.