உயரத்துக்காகக் கேமராவைத் திருப்பாதீர்கள்

அருவியா, கேமராவைச் செங்குத்தாகத் திருப்பு. ஒற்றை மரமா, திருப்பு. நானும் பல வருடம் இப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது என் கட்சி வேறு. நிலக்காட்சியைச் செங்குத்தாக எடுக்க உயரம் ஒரு காரணமே இல்லை, தூரம்தான் காரணம். காலடியில் கிடக்கிற கல்லில் ஆரம்பித்துத் தொடுவானம் வரை கண் நடந்து போக வழி இருந்தால் திருப்புங்கள். இல்லையென்றால் படுக்கையாகவே இருக்கட்டும்.

சின்னக் கணக்கு ஒன்று. ஃபுல் ஃப்ரேம் கேமரா (சென்சார் 36 x 24 மி.மீ.), 16 மி.மீ. அகலக்கோண லென்ஸ், ட்ரைபாட் 1.5 மீட்டர் உயரம், கேமரா நேர்மட்டம். படுக்கையாக வைத்தால் படத்தின் கீழ்விளிம்பில் வருவது 2 மீட்டர் தள்ளியிருக்கும் தரை. திருப்பி வைத்தால் அது 1.3 மீட்டருக்கு வந்துவிடும். இன்னும் கொஞ்சம் கீழே சாய்த்தால் ட்ரைபாட் காலே படத்துக்குள் எட்டிப் பார்க்கும். (என் செருப்பு நுனி விழுந்த படங்கள் ஒரு ஆல்பம் தேறும்.) கூடுதலாகக் கிடைக்கிற அந்தத் தரையை என்ன செய்யப்போகிறோம் என்பதில்தான் படமே இருக்கிறது.

பெரும்பாலானவர்கள் செய்வது, கேமராவைத் தரையோடு தரையாக இறக்கிவிடுவது. முன்னால் இருக்கிற கல் யானை மாதிரி எழும், பின்னால் மலை கொப்புளம் மாதிரி சுருங்கும். நடுவில் ஒன்றுமே இருக்காது. ஓர் ஓடையில் நான் முழங்கால் உயரத்தில் வைத்து அரைமணி நேரம் மல்லுக்கட்டினேன். பாசி படிந்த அழகான கல்தான். ஆனால் அதன் தலை, பின்னாலிருந்த தண்ணீரை அப்படியே மறைத்துவிட்டது. முதுகு வலித்து எழுந்து நின்றபோதுதான் பார்த்தேன், கல்லுக்கும் மலைக்கும் நடுவே ஓடை இரண்டு தடவை வளைந்து போகிறது. ட்ரைபாடை நெஞ்சு உயரத்துக்கு ஏற்றினேன், அந்த இரண்டு வளைவும் படத்துக்குள் வந்தன. கல் சிறுத்துப்போனது உண்மைதான். போகட்டும்.

இதற்கு நேர்மாறாகச் செய்து ஜெயித்தவரும் உண்டு. ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகே 1856-லிருந்து 1858 வரை எடோ (இன்றைய டோக்கியோ) நகரக் காட்சிகளை ஒரு பெரிய வரிசையாகச் செய்தார், எல்லாமே செங்குத்து. அதில் ஒன்றில் பிளம் மரத்தின் கிளை கண்ணுக்கு முன்னாலேயே குறுக்கே மறித்து நிற்கும். கிளைகளின் சந்து வழியாகத் தூரத்தில் ஆட்கள் எறும்பு அளவில் தெரிவார்கள். நடுவை மறைத்தாலும் சந்து விட்டிருக்கிறார் பாருங்கள், அதுதான் நம் பாறைப் படங்களில் இல்லாதது.

வானம் இன்னொரு தலைவலி. 3:2 சென்சாரைத் திருப்பினால் கிடைப்பது ஒல்லியான நெட்டைச் சட்டம். மேகம் இல்லாத நாளில் மேலே மூன்றில் ஒரு பங்கு வெறும் நீலம். நான் யோசிக்காமல் 4:5-க்கு வெட்டிவிடுவேன். வானத்தைக் குறைக்க லென்ஸைக் கீழே சாய்ப்பவர்கள் ஓரத்து மரங்களைக் கொஞ்சம் கவனியுங்கள், உச்சி வெளிப்பக்கம் விரிந்து விழுகிற மாதிரி நிற்கும். காட்டுக்குள் அது ரொம்ப உறுத்தும்.

ஃபோகஸ் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. லென்ஸின் துளையை (அபெர்ச்சர்) எஃப் 11-ல் வையுங்கள். கல் ரொம்பக் கிட்டத்தில் இருந்தால் கல்லுக்கு ஒன்று, மலைக்கு ஒன்று என்று இரண்டு எடுத்துப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரு சாமான் மட்டும் வாங்கச் சொல்வேன், எல் பிராக்கெட். கேமராவைச் செங்குத்தாகவே ட்ரைபாடில் மாட்ட உதவும் ‘L’ வடிவத் தகடு அது. அது இல்லாத காலத்தில் ட்ரைபாட் உச்சியில் கேமராவைத் தாங்கும் உருண்டைத் தலையை (பால் ஹெட்) அதன் பள்ளத்தில் பக்கவாட்டில் சாய்த்துத்தான் கேமராவைத் திருப்ப வேண்டும். மொத்த எடையும் ஒரு பக்கம் தொங்கும். அதே ஓடையில், நெஞ்சு உயரத்துக்கு ஏற்றிய பிறகு, நீளமான எக்ஸ்போஷர் ஒன்றின் நடுவில் ஹெட் மெதுவாக இறங்கிவிட்டது. ஓடையின் இரண்டு வளைவும் நாலாகத் தெரிகிற அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது.