செக்‌ஷன் 17 நிலத்திலிருந்து மாநில சுயாட்சி

மாநில உரிமை என்றாலே நம் ஆட்களுக்கு ஜிஎஸ்டி பங்கு, ஆளுநர், நீட் மூன்றும்தான் ஞாபகம் வருகிறது. எங்கள் நீலகிரி கூடலூர்ப் பக்கம் வந்து கேளுங்கள், செக்‌ஷன் 17 என்ற சட்டப் பிரிவில் சிக்கிய நிலங்களில் கரண்ட் கம்பம் நிற்காத லைன் வீடுகளை (எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை) காட்டுவார்கள்.

இங்கே கேரளத்து நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்துக்கு இருந்த ஜென்ம (பரம்பரை உரிமை) நிலங்களை எடுத்து ரயத்துவாரி (அரசுக்கு நேரடியாக வரி கட்டும் முறை) ஆக்க 1969-இல் தமிழ்நாடு சட்டம் போட்டது. நிலம் மாநிலப் பட்டியலில் இருப்பது, அதனால் அந்த அதிகாரம் நம்முடையதுதான். (மாநில சுயாட்சியை ஆராய ராஜமன்னார் குழு அமைந்ததும் அதே வருடம்.) ஆனால் ஜென்மக் காடுகளை எடுத்தது செல்லாது என்று 1972-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1974-இல் நாடாளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்தி, அந்தச் சட்டத்தை, நீதிமன்றத்தில் எளிதில் கேள்வி கேட்க முடியாத ஒன்பதாவது அட்டவணைக்குள் வைத்தது. மாநிலச் சட்டத்துக்கு டெல்லி குடை பிடித்த கதை! அதை எதிர்த்துப் போன வழக்கில்தான், அட்டவணைக்குள் ஒளிந்தாலும் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை மீறினால் விடமாட்டோம் என்று 2007-இல் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். சட்டக் கல்லூரிகளில் படிக்கும் ஐ.ஆர்.கொய்லோ வழக்கு எங்கள் ஊர் வழக்கு.

இதற்கிடையில் நெருக்கடி நிலை. 42-ஆவது திருத்தத்தில் கல்வியோடு காடும், டெல்லியும் மாநிலமும் சட்டம் போடக்கூடிய பொதுப்பட்டியலுக்குப் போனது. கல்வி போனதைப் பற்றி எத்தனை மேடை, காடு போனதை யார் பேசினார்கள்? 1980-இல் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின், காட்டு நிலத்தை வேறு எதற்குக் கொடுப்பதானாலும் மத்திய அனுமதி வேண்டும். 1996-இல் கோதவர்மன் வழக்கில், ஏட்டில் யார் பெயரில் இருந்தாலும் காடாக இருப்பதெல்லாம் இந்தச் சட்டத்தில் அடங்கும் என்று ஆணை வந்தது. அந்த வழக்கைத் தொடுத்தவரும் நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்தவர்.

செக்‌ஷன் 17 என்பது 1969 சட்டத்தின் பதினேழாம் பிரிவில் வரும், எஸ்டேட்டுகளுக்குக் குத்தகைக்கு விட்ட ஜென்ம நிலம். அதில் குடியேறி, ரெண்டு ஏக்கர் தேயிலையோடு பிழைப்பவர்கள் மின்வாரியத்துக்குப் போனால் வருவாய்த்துறை, அங்கே போனால் வனத்துறை, அதற்கு மேல் டெல்லி, கோர்ட். இவர்களில் 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட குடும்பங்களும் உண்டு. ஒப்பந்தம் போட்டது டெல்லி, குடியமர்த்தும் சுமை மாநிலத்துக்கு.

காடு முழுக்க மாநிலத்திடமே இருந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். 1980 சட்டம் இல்லாவிட்டால் மசினகுடிப் பக்கம் இன்னும் எத்தனை ரிசார்ட் முளைத்திருக்குமோ! என் கோபம் சென்னை மேல்தான் அதிகம். ஜென்மச் சட்டம் 1974 நவம்பரிலேயே அமலுக்கு வந்துவிட்டது. எது குடியிருப்பு, எது தோட்டம், எது காடு என்று அளந்து பிரிக்கும் வேலையை அன்றே முடித்திருந்தால், 1980-இல் டெல்லி வந்து நிற்க இவ்வளவு இடம் கிடைத்திருக்காது. இரண்டு கழகமும் மாறி மாறி ஆண்டும் அது முடியவில்லை. தேர்தலுக்குத் தேர்தல் பட்டா வாக்குறுதி மட்டும் குறையாமல் வருகிறது.

2025-இல் மாநில உரிமைகளுக்காக நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் குழு போட்டிருக்கிறார்கள். நல்லது. பொதுப்பட்டியலைப் பற்றிப் பேசும்போது, மக்கள் ஏற்கெனவே குடியிருக்கும் நிலத்துக்கு ரோடும் கரண்டும் கொடுக்கும் முடிவையாவது மாநிலத்திடம் விடச் சொல்லி டெல்லியைக் கேளுங்கள். அதோடு, செக்‌ஷன் 17 நிலங்களின் கணக்கை எந்தத் தேதிக்குள் முடிப்பீர்கள் என்று சென்னையும் எழுதிக் கொடுக்கட்டும்.