பதிமூணாவது ஆளு எந்த ஊருடா?

(ராத்திரி ஒன்பதரை. மகன் டிவியில 'தி தர்ட்டீன்த் வாரியர்' போட்டுட்டு உக்காந்திருக்கான். அம்மா முறத்துல முருங்கைக்கீரை ஆய்ஞ்சுக்கிட்டு, நான் படம் பாக்கலப்பான்னு சொல்லிக்கிட்டே பாக்குறாங்க.)

அம்மா: யாருடா இது, மை வச்ச மாதிரி கண்ணோட, நல்லா லட்சணமா இருக்கான்?

மகன்: ஆன்டோனியோ பாண்டெராஸ்மா. ஸ்பெயின்காரர்.

அம்மா: ஸ்பெயின்காரன் எதுக்குடா தலப்பா கட்டியிருக்கான்?

மகன்: படத்துல அவரு அரபிக்காரர்மா. பாக்தாத்ல இருந்து வர்றாரு, பேரு இபின் ஃபத்லான், அது நிஜமாவே இருந்த ஆளு, 921ல கலீஃபா அனுப்பிச்சு வோல்கா ஆத்துப் பக்கம் தூது போனவரு, போன இடத்துல பாத்ததெல்லாம் எழுதி வச்சிருக்காரு.

அம்மா: அப்போ சுத்தி நிக்கிற தாடிக்காரனுங்க?

மகன்: வைக்கிங். வடக்கத்திக்காரங்க. அவங்க ஊருக்கு ஒரு ஆபத்து, குறி சொல்ற கிழவி எலும்பை உருட்டிப் பாத்துட்டு பதிமூணு பேரு போகணும், அதுல பதிமூணாவது ஆளு வடக்கத்திக்காரனா இருக்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சு, இவரு சும்மா ஓரமா நின்னுட்டு இருந்தாரு, மாட்டிக்கிட்டாரு.

அம்மா: உங்கப்பா கல்யாண வீட்டுல சீட்டாட்டத்துக்கு ஆளு குறையுதுன்னு போயி மாட்டிக்கிட்ட மாதிரி. சரி, இது வடக்கு நாடா?

மகன்: கதைப்படி ஆமா. ஷூட்டிங் எடுத்தது கனடால.

அம்மா: (கீரையை வச்சுட்டு) இருடா. ஸ்பெயின்காரன், அரபி வேஷம் போட்டு, வடக்கு நாட்டுக்குப் போறதா சொல்லி, கனடால நின்னு, இங்கிலீஷ்ல பேசுறான். சொந்தமா அவனுது எதுடா அதுல?

மகன்: மூஞ்சிமா.

அம்மா: அடச்சீ, ஒரே அண்டா தண்ணியில வரிசையா எல்லாரும் மூஞ்சி கழுவுறானுங்க, அதுலயே மூக்கு சிந்தி துப்பி அப்படியே அடுத்தவனுக்குத் தள்ளுறான்! டைரக்டருக்கு அறிவில்ல?

மகன்: அது டைரக்டர் கற்பனை இல்லமா, இபின் ஃபத்லானே எழுதி வச்சது. கடவுள் படைச்சதுலயே அழுக்கான ஆளுங்கன்னு நொந்து போயி எழுதியிருக்காரு. ஆனா அவரு இவங்க கூட வடக்க சண்டைக்கெல்லாம் போகல, அதுக்கு மேல வர்றதெல்லாம் மைக்கேல் க்ரைட்டன் நாவல்ல கட்டி விட்டது.

அம்மா: அந்தத் தண்ணியப் பாத்துட்டு எவன் கூடப் போவான்.

மகன்: மா, இந்த சீன் பாரு, இதுக்குத்தான் படமே போட்டேன். தினமும் ராத்திரி நெருப்பைச் சுத்தி உக்காந்து அவனுங்க பேசிக்கிறானுங்க, இவருக்கு ஒண்ணும் புரியாது, வாயையே பாத்துக்கிட்டு இருப்பாரு. அப்புறம் நடுவுல ஒரு வார்த்தை புரியும், அப்புறம் ரெண்டு, நமக்கும் அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமா இங்கிலீஷா மாறும்.

அம்மா: அந்தத் தடியன் இவனப் பாத்து என்னமோ சொல்லிச் சிரிக்கிறானே?

மகன்: இவரோட அம்மாவப் பத்தி தப்பாப் பேசுறான். இப்ப பாரு, எங்கம்மா நல்ல குடும்பத்துல பொறந்தவங்கடான்னு அவனுங்க பாஷையிலயே திருப்பிக் குடுக்குறாரு! எப்படிடா கத்துக்கிட்டேன்னா, கேட்டேன்றாரு. அவ்ளோதான், கேட்டேன்!

அம்மா: (கண்ணு கலங்கி) பெத்தவளப் பத்திப் பேசுனா விடுவானா. தங்கம்டா அவன். நீயும் இருக்கியே, உங்க அத்தை என்னை அவ்ளோ பேசுனா, பூரியைத் தின்னுக்கிட்டு இருந்த.

மகன்: அது எட்டு வயசுலமா! விஷயம் என்னன்னா, அவரு நிஜ வாழ்க்கையும் இதேதான். 1960ல மலகான்ற ஊர்ல பொறந்தாரு, ஃபுட்பால் ஆடணும்னு ஆசை, 14 வயசுல கால் உடைஞ்சு போச்சு, நாடகத்துக்கு வந்துட்டாரு. அல்மோதோவர்னு ஒரு ஸ்பெயின் டைரக்டர் படத்துல எல்லாம் நடிச்சு அங்க பெரிய ஆளாகி, 1992ல ஹாலிவுட் போறாரு, இங்கிலீஷே தெரியாது. அர்த்தம் தெரியாம சத்தத்த மட்டும் காதால பிடிச்சு உருப்போட்டு டயலாக் பேசியிருக்காரு.

அம்மா: அந்த முதல் ஹாலிவுட் படத்துல என்ன வேஷம்?

மகன்: க்யூபாக்காரர். அப்புறம் டெஸ்பராடோல மெக்சிகோக்காரர், எவிட்டாவுல சேன்னு ஒரு கேரக்டர், 98ல ஸோரோ, அதுக்கு அடுத்த வருஷம் இந்த அரபி. ஸ்ரெக் கார்ட்டூன் படத்துல பூட்ஸ் போட்ட பூனைக்கும் இவருதான் குரல்.

அம்மா: பூனையாக் கூட விட்டுட்டாங்க, அவன் ஊர்க்காரனா ஒரு வேஷம் குடுக்கலியா பாவம்?

மகன்: குடுத்தாங்களே, 2018ல ஓவியர் பிக்காசோவா நடிச்சாரு. பிக்காசோவும் மலகாலதான் பொறந்தாரு.

அம்மா: அப்பாடா. இந்தப் படம் நல்லா ஓடுச்சா?

மகன்: எங்க ஓடுச்சு. வசூலே 6 கோடி டாலர் சொச்சம்தான், செலவு அதுக்கும் எங்கயோ மேல. நடுவுல டைரக்டர விட்டுட்டு நாவல் எழுதுன க்ரைட்டனே சில சீனை திரும்ப எடுத்தாரு, மியூசிக்கையும் மாத்தினாங்க. ஓமர் ஷரீஃப்னு பெரிய எகிப்து நடிகர், வயசான காலத்துல அவரு வேற இதுல வந்து, இதோட கொஞ்ச காலம் நடிப்பே வேண்டாம்னு ஒதுங்கிட்டாரு.

அம்மா: நல்ல பையன வச்சு கவுத்துட்டாங்க. ஆமா, நீ ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸுக்கு எவ்ளோ கட்டின?

மகன்: இப்ப எதுக்குமா அது.

அம்மா: எட்டாயிரம். ஆறு மாசம். கூரியர் பையன் கால் பண்ணா போனை என் கையில குடுக்குற.

மகன்: பாஷைன்றது அப்படிக் கேட்டுக்கிட்டு இருந்தாலே வந்துராதுமா, அது சினிமா.

அம்மா: மாடி வீட்டு ஹிந்திக்காரப் பொண்ணு நேத்து மொட்டை மாடியில அவங்கம்மாகிட்ட போன்ல சொல்லிக்கிட்டு இருந்தா, கீழ் வீட்டு ஆன்ட்டிக்கு ஹிந்தி சுத்தமாத் தெரியாது, அந்த ஒரு நிம்மதி போதும்னு.

மகன்: ...உனக்கு எப்படிமா புரிஞ்சது?

அம்மா: ரெண்டு வருஷமா கொடியில துணி காயப் போடுறேன்ல.

மகன்: நீ என்ன சொன்ன அவகிட்ட?

அம்மா: சிரிச்சுட்டு துணிய மடிச்சுட்டு வந்துட்டேன். இவன் மாதிரி நான் அவசரப்பட்டு வாயத் திறப்பேனா, இன்னும் அவ மாமியார் கதையே முடியல.